தோர்ஸ்டன் பெருக்கிய தெரு

இந்த வருஷம் நாற்காலி எனக்குத்தான் என்று தோர்ஸ்டன் சமையலறையில் நின்று அறிவித்தான். அறிவித்தது குளிர்பெட்டியிடம். மனைவி குனில்லா பக்கத்து அறையில் இருந்தாள். அவள் காதில் விழுகிற அளவுக்கு அறிவிக்க அவனுக்குத் தைரியம் போதவில்லை.

நாற்காலி என்றால் சாதாரண நாற்காலி இல்லை. நோர்விக் ஏரிக்கரையில் மோனா நடத்தும் காப்பிக் கடையில் ஜன்னலோரமாக, ஏரியைப் பார்த்தபடி இருக்கிறது. குளிர்காலம் முழுக்கப் பூட்டியிருக்கும் கடை வசந்தத்தில் திறக்கிற அன்று, யார் முதலில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார்களோ அவர்கள் பெயரை மோனா அந்த நாற்காலி முதுகில் சாயத்தால் எழுதிவிடுவாள். அந்தக் கோடையில் வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. சுற்றுலா வந்த ஜெர்மன்காரர் ஒருவர் விவரம் தெரியாமல் உட்கார்ந்துவிட, ஊரே காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தது. மனுஷன் பில்லைக் கொடுத்துவிட்டு ஊரை விட்டே போய்விட்டார்.

மூன்று வருஷமாக அந்த முதுகில் ‘ரூனே’ என்று எழுதியிருக்கிறது. ரூனே எதிர்வீட்டுக்காரன். கல்யாணம் ஆகாதவன். அதனால் யாரையும் கேட்காமல் பைக்கை எடுக்கிறவன். மூன்று கோடையாக தோர்ஸ்டன் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ரூனேயின் பிடரியைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தான். அந்தக் காப்பி ஒன்றுகூட அவன் உடம்பில் ஒட்டவில்லை.

கடை ஞாயிற்றுக்கிழமை திறக்கிறது. பைக் கொட்டகையில் தயாராக நிற்கிறது. பனிக்காலம் முழுக்க அதைத் துடைத்துத் துடைத்து அதன் சிவப்பே பாதி தேய்ந்திருந்தது. குறைவது சாவி ஒன்றுதான்.

“குனில்லா, வெளியே வெயிலைப் பார்த்தியா?” என்று பக்கத்து அறைக்குள் போய் ஆரம்பித்தான்.

“பார்த்தேன்.”

“கொக்கு எல்லாம் திரும்பி வந்துடுச்சு.”

“வரட்டும். அதுங்க ஜல்லி மேல பைக் ஓட்டறதில்லை.”

“நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.”

“சாவிப் பேச்சா?”

“சாவியா? எந்தச் சாவி?”

“என் கோட்டு பாக்கெட்டையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கியே, அதுக்குள்ள இருக்கற சாவி.”

தோர்ஸ்டன் கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினான்.

குனில்லாவிடம் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. குளிர்காலம் முழுக்க, பனிக்கட்டியில் யாரும் வழுக்கக் கூடாதென்று நகராட்சி தெருவெல்லாம் பொடிஜல்லி கொட்டும். பனி உருகியதும் ஜல்லி மட்டும் மிச்சம் கிடக்கும். பெருக்குகிற லாரி ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு இந்தத் தெருவுக்குக் கடைசியில்தான் வரும். இரண்டு வருஷத்துக்கு முன் அதற்குள் பொறுக்காமல் கிளம்பிய தோர்ஸ்டன், சர்ச் வளைவில் ஜல்லி மேல் சறுக்கி, பைக் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகப் போய் விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டான். அந்தக் கோடை முழுக்க அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டவள் குனில்லா. பொத்தான் ஒன்றுக்கு ஒரு திட்டு.

“தெருவில ஒரு கல்லு இருக்கக் கூடாது,” என்றாள் இப்போது. “நம்ம வாசல்லேர்ந்து மோனா கடை வரைக்கும். அப்புறம் சாவி என் பாக்கெட்டை விட்டு வெளியே வரும்.”

“லாரி வர்றதுக்கு மே மாசம் ஆயிடுமே.”

“ஆகட்டும். காப்பி மே மாசத்திலயும் காப்பிதான்.”

தோர்ஸ்டன் அன்றிரவு புரண்டு புரண்டு படுத்தான். விடியும்போது மூளையில் விளக்கு எரிந்தது. கல் இருக்கக் கூடாது என்றுதானே சொன்னாள்? லாரிதான் பெருக்கணும் என்று சொன்னாளா? தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துத் தனக்கே கை கொடுக்கலாம் போலிருந்தது அவனுக்கு.

சனிக்கிழமை காலை ஒரு பெரிய துடைப்பம், ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்வெட்டி சகிதம் தெருவில் இறங்கினான்.

“என்ன இது?” என்று குனில்லா வாசலில் வந்து நின்றாள்.

“ஊர்ச் சேவை. வயசானவங்க நடக்கறாங்க, குழந்தைங்க சைக்கிள் ஓட்டறாங்க. நாம எல்லாத்துக்கும் நகராட்சியையே எதிர்பார்த்தா எப்படி?”

போன நவம்பரில் தன் வீட்டு வாசல் பனியை வாரச் சொன்னதற்கு நகராட்சிக்கு வரி கட்டுகிறேன் என்று முழங்கியவன் இவன்தான். குனில்லா அதை நினைவுபடுத்துவாள் என்று தோர்ஸ்டன் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தான்.

“நல்ல காரியம்,” என்றாள். “கையுறை போட்டுக்கோ.”

அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை! தோர்ஸ்டனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை ஜல்லியோடு சேர்த்துக் கூட்டித் தள்ளினான்.

பெருக்கினான். தூசி மூக்கில் ஏறியது. முதுகு முறுக்கிக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்கெல்லாம் குனில்லா காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் எடுத்துக்கொண்டு வந்தாள். குடிக்கிறவரை பக்கத்தில் நின்றாள். போகும்போது துடைப்பத்தின் நுனியைக் காலால் தட்டினாள்.

“அந்த வளைவுல இன்னும் கிடக்கு பாரு.”

“எங்க?”

“உள்பக்கமா. வண்டி சாயற இடத்துல.” சற்று நிறுத்தி, “குழந்தைங்க சைக்கிளைச் சொன்னேன்,” என்றாள்.

“சரியாச் சொன்னே.”

“அப்புறம் மோனா கடைக்கு இறங்கற சரிவு? அங்கதானே அதிகமா வழுக்கும். பாவம், ஊன்றுகோல் வெச்சுக்கிட்டு வர்றவங்க.”

அவன் தன் பாட்டுக்குத் திட்டம் போட்டால், இவள் தன் வாயாலேயே அதற்கு வழி காட்டுகிறாள். இப்படி ஒரு அப்பாவியை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நொடி அவனுக்கு மனசு உறுத்தியது. நாற்காலி நினைவு வந்ததும் உறுத்தல் போய்விட்டது.

ரூனேதான் முதலில் மோப்பம் பிடித்தான். வேலிக்கு மேல் தலை நீட்டினான்.

“என்னப்பா, நகராட்சியில வேலை கிடைச்சிருக்கா?”

“ஊர்ச் சேவை.”

“நாளைக்குக் கடை திறக்கறாங்கல்ல?”

“அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லை.”

“நல்லாப் பெருக்கு. எனக்கும் ரோடு வேணும்.” ரூனே சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

தோர்ஸ்டனின் துடைப்பம் அப்படியே நின்றது. உண்மைதானே? தான் முதுகொடியப் பெருக்க, அவன் நோகாமல் அதே தெருவில் முன்னால் போய்விடுவானே. யோசித்தான். பிறகு, கூட்டிய ஜல்லியையெல்லாம் தள்ளுவண்டியில் அள்ளி, இருட்டத் தொடங்கிய நேரமாகப் பார்த்து, ரூனே வீட்டு வாசலுக்கு நேரே கொட்டினான். கொட்டி, மண்வெட்டியால் தட்டி, மேலே இரண்டு வாளி தண்ணீரும் ஊற்றினான். இரவில் இன்னும் உறைபனி விழுகிற நாட்கள் அவை. காலையில் அது கல்லோடு கல் பிடித்துப் பாறையாக நிற்கும்.

வீட்டுக்குள் வந்ததும் குனில்லா கேட்டாள்.

“ரூனே வாசல்ல மட்டும் ஏன் குவியல்?”

“தற்காலிகமா. லாரி வந்து எடுத்துக்கும்.”

“பாவம், அவன் வண்டியை எப்படி வெளியே எடுப்பான்?”

“அட, அதை நான் யோசிக்கவே இல்லையே.”

“நீ யோசிக்காதது எதுவும் இல்லை, தோர்ஸ்டன்,” என்றாள் குனில்லா. அதில் பெருமை தொனித்ததாக அவன் எடுத்துக்கொண்டான். சாவியைக் கேட்டான். காலையில் பார்க்கலாம் என்றாள்.

காலையில் தோர்ஸ்டனால் காலுறை போடக் குனிய முடியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலுறையைத் தூர நின்று பார்க்கும் உறவினரைப் போலப் பார்த்தான்.

“இந்த முதுகோட பைக்ல உக்காந்தா, எழுப்பறதுக்கு கிரேன்தான் வரணும்,” என்றாள் குனில்லா. “தொட்டியில வெந்நீர் நிரப்பி வெச்சிருக்கேன். உப்பும் போட்டிருக்கேன். கடை திறக்க இன்னும் நேரமிருக்கு. போய் ஊறு.”

“சாவி?”

“ஊறிட்டு வா.”

வெந்நீர் பரம சுகமாக இருந்தது. தோர்ஸ்டன் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் தன் பெயரை எழுதினான். அழித்துவிட்டு இன்னும் பெரிதாக எழுதினான். ரூனே குப்பைத் தொட்டி மேஜைக்கு நடந்து போவதை நிதானமாகப் பார்த்து ரசித்தான். அப்போது கொட்டகைப் பக்கம் எஞ்சின் உறுமியது.

அந்தச் சத்தத்தை அவன் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லுவான். அது அவன் பைக்.

“திருடன்! குனில்லா, திருடன்!”

துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். கறுப்புத் தோலாடையும் மஞ்சள் தலைக்கவசமுமாக ஒரு குள்ளத் திருடன், அவன் பெருக்கிய தெருவில், அவன் பெருக்கிய வளைவில், அவன் பைக்கை அழகாகச் சாய்த்துத் திருப்பிக்கொண்டு மறைந்தான். ஒரு கல்கூடச் சிதறவில்லை.

எதிர்வீட்டு வாசலில் ரூனே கடப்பாரையால் உறைந்த குவியலை இடித்துக்கொண்டிருந்தான். பின்னால் அவன் பைக் வெளியே வர வழியில்லாமல் நின்றது.

“யாருப்பா அது?” என்று கத்தினான் தோர்ஸ்டன்.

“தெரியலை. ஆனா வளைவுல உன்னைவிட நல்லாச் சாயறான்.”

“அது என் பைக்.”

“இத்தனை வருஷமா நான் அந்தப் பைக்கைத்தான் குறை சொல்லிட்டு இருந்தேன். தப்பு பைக் மேல இல்லை போலிருக்கு.”

தோர்ஸ்டன் வீட்டுக்குள் ஓடினான். குனில்லாவைக் காணோம். திருடனைத் துரத்திக்கொண்டு ஓடியிருப்பாளோ என்று பயந்தான். திருடனுக்காகத்தான் பயந்தான். கையில் கிடைத்த கால்சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தான். ரூனே கடப்பாரையோடு பக்கத்தில் ஏறிக்கொண்டான். அந்தத் தெரு ஏரிக்கரைக்குத்தான் போகும். வேறு எங்கும் போகாது. திருடன் மாட்டினான் என்று வழியெல்லாம் தோர்ஸ்டன் பல்லைக் கடித்தான்.

மோனா கடை வாசலில் சிவப்பு பைக் நின்றது. உள்ளே ஒரே கைதட்டல். ஜன்னலோர நாற்காலியில், கறுப்புத் தோலாடையில், மடியில் மஞ்சள் தலைக்கவசத்தோடு குனில்லா வாஃபிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உதட்டோரம் ஜாம். மோனா நாற்காலிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ‘குனி’ வரை எழுதியிருந்தாள்.

தோர்ஸ்டன் வாயைத் திறந்தான்.

“நீ... உனக்கு ஓட்டத் தெரியாதே.”

“போன வருஷம் ஆகஸ்ட்லேர்ந்து தெரியும். அக்டோபர்ல லைசென்ஸ் வந்தது.”

“செவ்வாய்க்கிழமை சாயந்தரம் நீ நெசவு வகுப்புக்குப் போனியே.”

“ஒரு கைக்குட்டை அளவு துணியாவது கொண்டு வந்தேனா?”

“இல்லை.”

“ஏன்னு கேட்டியா?”

கேட்கவில்லை. ஏதாவது நெய்து கொண்டுவந்து, அதை அவன் போட்டுக்கொள்ள வேண்டி வராமல் போனதே என்று நிம்மதியாக இருந்துவிட்டான்.

“இந்தத் தோலாடை?”

“அக்கா வீட்ல இருந்தது.”

“ஏன் குனில்லா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

குனில்லா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். முகத்தில் இப்போது விளையாட்டு இல்லை.

“சொன்னா சொல்லிக்குடுக்கறேன்னு நீ கிளம்பிடுவே. முப்பது வருஷமா ஒவ்வொரு வசந்தத்துக்கும் உன் பின்னாடி உக்காந்து போயிருக்கேன். நான் பார்த்த வசந்தமெல்லாம் உன் முதுகுதான். இந்த ஏரி சாலையோட எந்தப் பக்கம் வருதுன்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சது. அழுகையே வந்துடுச்சு, தெரியுமா? ஹெல்மெட்டுக்குள்ள துடைச்சுக்கவும் முடியலை.”

அவள் சந்தோஷமாக இருந்தாள். அது அவனுக்குப் பிடித்திருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் பிடிக்கவில்லை. அதோடு அது அவன் நாற்காலி.

“மோனா,” என்றான், “பைக் என் பேர்லதான் இருக்கு.”

“இருக்கட்டும்,” என்று மோனா தலை நிமிராமல் எழுதினாள். “ஓட்டிட்டு வர்றவங்களுக்குத்தான் நாற்காலி. கார்ல வந்தா இருக்கற இடத்துல உக்காரணும்.”

இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில். அங்கே ரூனே ஏற்கெனவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொன்றை அவனுக்காக இழுத்துப் போட்டிருந்தான். குனில்லாவின் பிடரி அங்கிருந்து மிகத் தெளிவாகத் தெரிந்தது.

காப்பி முடிந்ததும் தோர்ஸ்டன் எழுந்து போய் மெல்லிய குரலில் கேட்டான்.

“திரும்பிப் போறப்பவாவது நான் ஓட்டட்டுமா?”

“தாராளமா. ஹெல்மெட் எங்க?”

திருடனைப் பிடிக்க வந்தவன் எங்கே தலைக்கவசம் கொண்டுவருவான்? குனில்லாவின் மஞ்சள் கவசத்தை வாங்கித் தலையில் வைத்துப் பார்த்தான். அது காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. திருப்பிக் கொடுத்தான்.

குனில்லா கவசத்தை மாட்டினாள். பைக்கில் ஏறினாள். முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது, அவனிடம் ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை. கிளம்புமுன் கவசத்தின் கண்ணாடியை உயர்த்தி அவனைக் கூப்பிட்டாள்.

“அடுத்த வருஷம் ஒரு வாரம் முன்னாடியே பெருக்க ஆரம்பிச்சிடு, தோர்ஸ்டன். ரூனே பின்பக்கமா இன்னொரு வாசல் வைக்கப் போறானாம்.”