தொட்டி நுரைக்கு நாங்கள் பொறுப்பல்ல

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் அண்ணன் மகன் பணிவுடன் எழுதுவது. சித்தியும் நீங்களும் சுகமாகவும், முக்கியமாகக் குளித்தும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் குளிக்கவில்லை.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நுரை கிடக்கிறது, மாடி வீட்டுக்காரர்கள் அங்கே உட்கார்ந்து துணி துவைக்கிறார்கள் என்று கீழ்வீட்டு வக்கீல் போனில் படம் அனுப்பினாராம். நீங்களும் வந்து பார்க்காமல், எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், பிளம்பரை விட்டு எங்கள் குழாயை மட்டும் அடைத்துவிட்டீர்கள். வக்கீல் சொன்னால் சாட்சி, லேத் பட்டறைக்காரன் நான் சொன்னால் சாக்கு, அப்படித்தானே? அது சோப்பு நுரை இல்லை, சித்தப்பா. தவளைக் கூடு. மூடி போடுங்கள் என்று கெஞ்சியும் நீங்கள் போடாத அந்தத் தொட்டியில் மரத்தவளை குடும்பம் நடத்துகிறது. பகலெல்லாம் உதிர்ந்த சிமெண்டுப் பூச்சு மாதிரி வெளிறிப்போய்ச் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். மழை விழுந்தால் பழுப்பேறி, விரல் நுனி வட்டுகளால் பிடித்துப் பிடித்து ஏறி வரும். பெண் பெரிது. முதுகில் தொற்றியிருக்கும் ஆண் சுண்டைக்காய்ப் பயல். அவள் பின்னங்காலால் அடித்து அடித்து நுரை கிளப்பி அதற்குள் முட்டையிடுகிறாள். அவர் சவாரி செய்கிறார். என் மனைவி பார்த்துவிட்டு, "நம்ம வீட்லயும் இதே கதைதான்" என்றாள்.

ஆதாரம் காட்ட நான் ஏணியில் ஏறினால், "பாருங்க சார், மறுபடியும் துவைக்கப் போறான்!" என்று வக்கீல் உங்களுக்கு வீடியோ எடுக்கிறார். பிளம்பரைக் கூட்டிவந்து காட்டினேன். முகர்ந்து பார்த்து, "சோப்பு வாசனையே இல்லையேண்ணே" என்றவர் நெற்றியில் ஒரு தவளை தாவி ஒட்டிக்கொண்டது. ஸ்பேனரைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, "ஓனர் சொல்லாம குழாயைத் தொட மாட்டேன்!" என்று ஓடியே போனார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மனைவி தெருக்குழாயிலிருந்து மாடிப்படி ஏறி ஏறிக் குடம் தூக்குகிறாள். தவளை பிள்ளை பெற்றதற்கு இவளுக்கு ஏன் தண்டனை? இன்றே குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சொந்தமாவது பந்தமாவது, வீட்டைக் காலி செய்துவிடுவோம்.

சித்திக்கு வணக்கம், தம்பி தங்கைகளுக்கு அன்பு. உங்களுக்கும் வணக்கம்தான், கோபம் தீரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அடித்த மழையில் நுரை கரைந்து, தலைப்பிரட்டைகள் மொத்தமும் தொட்டிக்குள் விழுந்துவிட்டன. கீழ்வீட்டு டம்ளரில் ஒன்று வாலாட்டிக்கொண்டு வந்ததாம். வக்கீல் சொம்போடு மேலே ஏறி வந்து, "தம்பி, உங்க தெருக்குழாய்த் தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?" என்கிறார். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். தயவுசெய்து எங்கள் குழாயை மட்டும் திறந்துவிடாதீர்கள்.