வளைகாப்புக்குக் குத்திய பேட்ஜ்

எதையாவது சேகரிக்கிறவர்களைக் கண்டால் கொஞ்சம் இரக்கப்படுங்கள். வீட்டில் அவர்களுக்கு வேறு வேலை கொடுக்கவில்லை என்று அர்த்தம். தொண்ணூறுகளில், அமெரிக்காவில், சுகர் லேண்டில், எனக்கு வாய்த்த விசாவில் மூச்சு விடலாம், சமைக்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்கக்கூடாது. (எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி ரசப்பொடிக்குப் பயன்பட்டது.) ஆகவே நான் பேட்ஜ் சேகரித்தேன்.

சாதா பேட்ஜ் இல்லை. அதற்கும் பல வருடம் முன்னால் இந்த ஊர்ப் பெண்கள் லாட்ஜ் என்ற பெயரில் சங்கம் வைத்திருந்தார்கள். (நம்மூரில் ரூம் போடுகிற லாட்ஜ் அல்ல.) தலைவி, செயலாளர் என்று ஆளுக்கொரு பதவி; மார்பில் பட்டு ரிப்பன் பேட்ஜ். ஒரு பதவியும் இல்லாத எனக்கு அவற்றைப் பார்த்தாலே நாக்கில் எச்சில் ஊறும். ஒரு எஸ்டேட் சேலில், ஷூ பெட்டி நிறைய, ஒரே லாட்ஜின் பேட்ஜ்கள் கிடைத்தன. "செத்தவா வீட்டு சாமானை எதுக்கு அள்ளிண்டு வரே?" என்றார் கணவர்.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் பட்டு. முன்பக்கம் சிவப்பு, வெளுத்து நைந்திருந்தது. பின்பக்கம் கறுப்பு, வெள்ளிச் சரிகையில் கோத்த இரண்டு கைகள், புத்தம் புதிதாக. அந்தப் பக்கம் மட்டும் ஏன் தேயவில்லை என்று ஒரு கெமிஸ்ட்ரிக்காரி யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை.

அந்த வருடம் நாத்தனாருக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு. மகள் அன்றைக்குக் கட்டிக்கொள்ள, மசக்கைக்கென்று கறுப்புப் பட்டுப் புடவையோடு மாமியார் மாம்பலத்திலிருந்து வந்திறங்கினார். எனக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. அதனால் நான் வளையல் அடுக்க வேண்டாம் என்பதை அவர் நாசூக்காகச் சொன்னார்: "நீ வாசல்ல நின்னு வரவாளை கவனிச்சுக்கோம்மா."

அழுகை வந்தது. அழாமல், இப்படியொரு வரவேற்பை இந்த ஊரே பார்த்ததில்லை என்று எல்லோரையும் சொல்லவைப்பதென்று முடிவு செய்தேன். அன்றைக்குக் கறுப்புதானே மங்களம், திருஷ்டி படாது. புடவைக்கு மேட்சாக, வந்த மாமிகள் அத்தனை பேருக்கும் கறுப்புப் பக்கத்தைத் திருப்பிக் குத்தினேன். கர்ப்பிணிக்குக் குஞ்சலம் வைத்த பெரிய பேட்ஜ். மாமியாரே "நன்னாயிருக்கு" என்றார். அவர் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு, கடைசியும் அதுதான்.

பக்கத்து வீட்டு டோரத்தி கிழவியையும் அழைத்திருந்தேன். உள்ளே வந்தவள் கூட்டத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். நேரே நாத்தனாரிடம் போய், இரண்டு கைகளையும் பிடித்து, யார் தவறிப்போனார்கள் என்று மெல்லக் கேட்டாள். யாருமில்லையே என்றாள் இவள். டோரத்தி பேட்ஜைத் தொட்டுக் காட்டினாள். அவளும் ஒரு லாட்ஜில் இருந்தவளாம். கூட்டத்துக்குப் போனால் சிவப்பு. உறுப்பினர் யாராவது இறந்தால், சவ அடக்கத்துக்கு மட்டும், கறுப்பு.

"என்னடி சொல்றா?" என்றார் மாமியார். நாத்தனார் தமிழில் சொன்னாள். (ஒரு வார்த்தை விடாமல். இங்கிலீஷில் அவள் எப்போதும் நல்ல மார்க்.)

கணவர் ஒரு பேப்பர் தட்டை ஏந்திக்கொண்டு மாமி மாமியாகப் போய்ப் பேட்ஜ்களை வசூலித்தார். பாவம், டோரத்திதான் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். மாமியார் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "மனசுல இருக்கறதுதான் கையில வரும்."

அது கணவர் காதிலும் விழுந்தது. அவர் தட்டிலிருந்த பேட்ஜ்களை நேராக அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

குழந்தை கொழுகொழுவென்று பிறந்தது. இப்போது சான் ரமோனில் வேலை பார்க்கிறது. எந்த விசேஷத்திலும் நான் ஒரு சேஃப்டி பின்னைக் கையில் எடுத்தால் போதும், "மாமி, விச் சைட்?" என்று அவனே ஆரம்பிப்பான். உடனே நாத்தனார் கறுப்புப் புடவை, டோரத்தி, பேப்பர் தட்டு என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லுவாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். நான் ஏன் அன்றைக்கு வாசலில் நின்றுகொண்டிருந்தேன் என்பது மட்டும் அந்தக் கதையில் வராது.