ஒரு மோட்டாரில் மூன்று தொழில்

எனக்கு வியாபார மூளை உண்டு என்று யாரும் சொன்னதில்லை, நானாகச் சொல்லிக்கொண்டதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் ரேடியோவில் ஒரு பேச்சு கேட்டேன். ஒரே தொழிலை நம்பாதீர்கள், பலவாகப் பிரித்துச் செய்யுங்கள், ஒன்று படுத்தாலும் மற்றது தாங்கும் என்றார்கள். உத்திரமேரூர்ப் பக்கம் நெல்லைத் தவிர வேறெதையும் நம்பாத குடும்பத்தில் பிறந்த எனக்கு ஞானோதயமே ஆகிவிட்டது.

வயல் கிணற்று மோட்டார் கொட்டகையிலேயே மாவு மிஷின் வைத்தேன். பக்கத்திலேயே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மிஷின். தண்ணீர் இறைக்கிற அதே மோட்டாரிலிருந்து மூன்றுக்கும் ஆளுக்கொரு பெல்ட். (சிக்கனமாம்!)

"மூணு தொழிலு கனகா. ஒண்ணு கவுந்தா ரெண்டு நிக்கும்" என்றேன் மனைவியிடம்.

"நெல்லுக்குத் தண்ணி?"

"அதான் மொதல்ல" என்று அளந்தேன்.

மாசிக் கடைசியில் நெல் பால் பிடித்து நின்றது. அப்போது தண்ணீர் நின்றால் மொத்தமும் பதர். வருடத்துச் சோறு போச்சு. மும்முனைக் கரண்டு வருவதே நாளைக்குச் சில மணி நேரம். அந்த நேரம் பார்த்து, மகள் கல்யாண அதிரசத்துக்கு ஊறவைத்த அரிசியோடு பக்கத்துத் தெரு வள்ளியம்மா வந்தார். செக்குக்குப் போகும் மல்லாட்டை மூட்டைகளோடு ஒரு வண்டியும் வந்து நின்றது.

எதை நிறுத்துவது? எதையும் நிறுத்துவதில்லை என்று முடிவெடுத்தேன். (எனக்குக் கரண்டுக்குத்தான் பஞ்சம், பிடிவாதத்துக்கு இல்லை.) மூன்று பெல்ட்டையும் மாட்டிச் சுவிட்சைப் போட்டேன்.

"இன்னா மாமா, மோட்டாரு மாடு மாரி கத்துது!" என்றாள் கனகா.

"புது பெல்ட்டு. பழகிக்கினு கீது."

பழகவில்லை. மோட்டாரின் செம்புக் காயில் கருகிப் புகை கிளம்பியது. தண்ணீர், மாவு, மல்லாட்டை மூன்றும் ஒரே நொடியில் நின்றன. "கண்ணாலம் முடியட்டும், உன்ன வச்சிக்கிறேன்" என்று கத்திவிட்டு, ஈர அரிசியோடு உரலைத் தேடி ஓடினார் வள்ளியம்மா.

காயில் கட்ட எட்டு நாள் ஆகும் என்றார் வாலாஜாபாத் மெக்கானிக். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. கனகா அழவில்லை.

"பரண்ல கவலை எறைக்கிற பழைய தோல் சாலு கீதுல்ல? எறக்கு. மாட்டப் பூட்டு."

கிழிசலைத் தைத்து, மாடு பூட்டி, எட்டு நாளும் இரண்டு பேரும் மாறி மாறி இறைத்தோம். நெல்லில் முக்கால் பங்கு தப்பியது. என் முதுகு தப்பவில்லை.

பல வருடம் கழித்து மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். "பையனுக்கு மூணு யாவாரம் கீது" என்று பெருமையாகச் சொன்னார் அவன் அப்பா. கனகா காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"மூணுக்கும் மோட்டாரு தனித்தனியா சம்மந்தி?"

அவர்கள் விழித்தார்கள். உள்ளே மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எப்படியோ கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை இன்றைக்கும் புதிதாக எது தொடங்கினாலும் என்னிடம் யோசனை கேட்பதில்லை. நேராக மாமியாரிடம் போய், "அத்தே, இதுக்குத் தனி மோட்டாரு" என்று சொல்லிவிட்டுத்தான் பூஜை போடுகிறார்.