பின் ரூமில் மீன் ஆஸ்பத்திரி

மச்சினனை வாசற்படி மிதிக்க விடுவதில்லை என்று மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் சபதம் எடுத்தபோது அவர் வாய் நிறையப் பற்பசை நுரை. சபதத்துக்கு நேரம் காலம் ஏது?

"ஏங்க, தம்பி வர்றானாம். மூணு மாசம் இங்கதான். பின் ரூமைக் கொஞ்சம் ஒழிச்சுக் குடுங்க" என்றாள் மனைவி.

மூணு மாசமா! போன தடவை ரெண்டே நாள் தங்கியவன், கடைக்கு வந்த ஆளிடம் "இந்தக் கண்ணாடி உங்க மூஞ்சிக்கு எடுக்கலை, வேற கடை பாருங்க" என்று சொன்ன மகானுபாவன். மூணு மாசம் இருந்தால் கடையையே மூட வேண்டியதுதான்.

"ரூம் பூரா சாமான் கெடக்கேம்மா."

"அதான் ஒழிங்கன்னு சொல்றேன்."

"வேற எங்கயாவது தங்கட்டுமே."

"ஏன்? அது என்ன ஆஸ்பத்திரியா, ஆள் தங்கக் கூடாதுன்னு சொல்ல?"

ஆஸ்பத்திரி! கடைக்காரர் நுரையைத் துப்பிவிட்டு ஹாலுக்கு ஓடினார். அங்கேதான் அவருடைய கடல் மீன் தொட்டி. உப்புத் தண்ணீர், பாறை, நீல விளக்கு, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் மீன். அது அவருடைய உயிர்.

"ஏம்மா! மீனுக்கு உடம்பு சரியில்லை!"

"பாறையில உரசுது, மூச்சு வாங்குதுன்னு நான் பத்து நாளா கத்தறேன். விளையாடுதுன்னு சொன்னீங்க."

"அது ஒட்டுண்ணி. தோல்லயும் செவுள்லயும் ஒட்டிக்கிட்டு அரிக்கும். உடம்பே கண்ணாடி மாதிரி இருக்கும், கண்ணுக்கே தெரியாது."

"உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"கண்ணு விஷயத்துல என்கிட்டயே கேள்வியா? தனித் தொட்டி, தனி ரூம் வேணும். மூணு மாசத்துக்கு ஒரு ஈ காக்கா உள்ள வரக் கூடாது!"

"அப்போ தம்பி?"

"பாவம்தான். ஆனா உயிர் பிரச்சினை இல்லையா?"

மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள். கடைக்காரர் காதுக்கு அதைவிட இனிய சங்கீதம் உலகத்தில் கிடையாது.

அன்றைக்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கால் உடைந்த கட்டில், இறக்கை இல்லாத மின்விசிறி, கடையின் பழைய அலமாரி எல்லாம் பழைய சாமான்காரரிடம் போயின. கழுவி, துடைத்து, நிமிர்ந்தால் வாசலில் மனைவி.

"மூலையில ஒட்டடை. ஆஸ்பத்திரியில ஒட்டடை இருக்கலாமா?"

அதையும் அடித்தார். ஜெயிக்கப் போகிறவனுக்கு இடுப்பு வலி ஒரு வலியா?

தொட்டியில் பாதிப் பாறையை வெளியே எடுத்து, சட்டையெல்லாம் உப்புத் தண்ணீராகி, ஒருவழியாக மீனை வலையில் பிடித்தார். மனைவி ஒரு கறுப்பு வாளியை நீட்டினாள்.

"முதல்ல இந்த நல்ல தண்ணியில விடுங்க."

"கடல் மீனை நல்ல தண்ணியிலயா? செத்துடும்டீ!"

"தொட்டித் தண்ணியோட அதே சூடு, அதே காரத்தன்மை, எல்லாம் சரி பாத்து வச்சிருக்கேன். காத்துக் குழாயும் ஓடுது. அஞ்சு நிமிஷம் மீன் தாங்கும், பூச்சி தாங்காது. வெள்ளையா மாறி உதிருமாம். உங்க ஒட்டுண்ணி உதிரட்டும், பாக்கலாம்."

கடைக்காரருக்கு வேர்த்தது. இல்லாத பூச்சி எங்கே உதிரும்? விட்டார். ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒன்றுமில்லை.

"காணோமே?" என்றாள் மனைவி.

அவர் பொய்க்கு ஒரு புதுப் பொய் தேடிக்கொண்டிருக்கும்போதே, வாளி அடியில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது. இன்னொன்று. பிறகு எள்ளை வாரி இறைத்த மாதிரி பொலபொலவென்று.

"செ... செதில்" என்றார்.

"செதில் நெளியுமா?"

நெளிந்தது. கடைக்காரர் புளுகியதெல்லாம் நிஜம்! "அடப்பாவமே, இத்தனையும் உன் மேலயா இருந்துச்சு? விளையாடுறேன்னு நெனச்சேனே!" என்று அழாத குறையாக மீனைத் தூக்கி, பின் ரூமில் புதிதாக வைத்த ஆஸ்பத்திரித் தொட்டியில் விட்டார். மனைவி மருந்தை அளந்து ஊற்றினாள். ஹால் தொட்டி சும்மா கிடந்தது. பாறை இடுக்கில் பூச்சி முட்டை பொரித்தாலும், ஒட்ட மீன் இல்லாமல் பட்டினியில் சாகட்டும் என்று.

அந்த வாரக் கடைசியில் மீன் துடுப்பை விரித்து, தீனியை வெடுக்கென்று பிடுங்கித் தின்றது. கடைக்காரர் குதித்தே விட்டார். மீன் பிழைத்தது, ரூம் தப்பித்தது, மச்சினன் ஒழிந்தான்! இந்த நல்ல சேதியைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று ஃபோனை எடுத்தார்.

"மாப்ளே, மன்னிச்சுக்கோ. ரூம்ல வைத்தியம் நடக்குது. மூணு மாசத்துக்கு வேற இடம் பாத்துக்கோ."

"எதுக்கு மாமா? நான் எங்கயும் வரலையே. போன மாசம்தான் புது வீட்டுக்குக் குடி வந்தேன். அக்காதானே வந்து சாமானெல்லாம் அடுக்கிக் குடுத்தா?"

கடைக்காரர் ஃபோனை மெதுவாக வைத்துவிட்டுத் திரும்பினார். பளபளவென்றிருந்த பின் ரூமிலிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"மாடி ரூமும் குப்பையாத்தாங்க கெடக்கு. அதுக்கு யாரை வரச் சொல்லட்டும்?"