மாடிவீட்டுக் கர்னல் போட்ட வைன்

தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரை வரை சல்லடை போட்டுத் தேடினாலும், ராணுவத்தில் ஒரு நாள்கூட வேலை பார்க்காமல் கர்னல் ஆனவர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் திருத்துறைப்பூண்டியில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு வருடம் குடியிருந்தார். வயது முப்பத்து மூன்று. ஈர வேட்டியோடு நிறுத்தாலும் ஐம்பது கிலோ தேறமாட்டார். துப்பாக்கியை அவர் தூக்குவதைவிட, துப்பாக்கி அவரைத் தூக்குவது சுலபம்.

பட்டம் வந்த கதை இதுதான். அவர் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். அறைக்குள் சிக்னல் கிடைக்காததால் மாடி வராந்தாவில் நின்றுதான் போன் பேசுவார். பேச்சில் ‘கெர்னல்’ என்ற சொல் நிமிஷத்துக்கு நாலு தடவை வரும். கம்ப்யூட்டருக்கு அடி ஆழத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் நடத்தி வைக்கிற பகுதிக்கு அது பெயராம். வாசலில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரருக்கு அது எப்படித் தெரியும்? ‘கெர்னல் விட்டாத்தான் உள்ள போக முடியும்’, ‘நேத்து ராத்திரி கெர்னலை மாத்திட்டோம்’ என்றெல்லாம் காதில் விழுந்ததும், எல்லையில் ஏதோ சிக்கல் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். முதலில் கர்னலோடு பேசுகிறவர் என்றார்கள். ஒரே வாரத்தில் இவரே கர்னல் ஆகிவிட்டார்.

அந்த ஆகஸ்டில் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் கொடியேற்ற அழைத்தார்கள். அவரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் போனார். இடது கையால் சல்யூட் அடித்தார். சுதந்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் பேசினார். சுதந்திரம் வேறு, இலவசம் வேறு, சுதந்திரம் என்பது உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும் அதைத் திருத்தவும் உள்ள உரிமை என்றார். அவர் சொன்னது கம்ப்யூட்டர் மென்பொருளைப் பற்றி. இரண்டு டிரைவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கீழே பார்த்தபடி மிட்டாயைத் தின்றுகொண்டிருந்தேன்.

ஊரில் எல்லார் கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் இருக்கும். கர்னல் வீட்டில் இருந்த ஆறு கம்ப்யூட்டரிலும் லினக்ஸ். உலகம் முழுக்க உள்ளவர்கள் கூடிச் செய்து யாருக்கும் சொந்தமில்லாமல் விட்டிருக்கிற சமாச்சாரம் அது. அதில் எல்லா வேலையும் நடக்கும், விளையாட்டுதான் லேசில் நடக்காது. அதனாலேயே கர்னல் விளையாட்டைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஓட்டுகிற ஒரு விளையாட்டை லினக்ஸில் ஓட வைக்கப் பதினேழு நாள் ராப்பகலாக உழைத்தார். பதினெட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி கேட் வரை வந்தது.

“ஓடுது பாருங்க சார்” என்று சொல்லி அதோடு மூடிவிட்டார். அதற்குப் பிறகு அந்த பஸ் வெளியே எடுக்கப்படவே இல்லை. அவருக்கு விளையாடுவது முக்கியமில்லை, ஓடினால் போதும்.

இப்படி விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட வைக்கிற மென்பொருளுக்கு ஒருவர் பெயர் வைத்திருக்கிறார். வைன். வைத்தவர் டெல்டா பக்கம் வந்திருக்கவே மாட்டார். கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றுவதை நாம் ‘போடுவது’ என்கிறோம். மற்றதையும் போடுவது என்றுதான் சொல்கிறோம். கர்னல் வராந்தாவில் நின்று, ‘வைன் போட்டாத்தாங்க ஓடும், காலையிலேயே போட்டுட்டேன்’ என்று போனில் சொல்ல, மிலிட்டரி கேன்டீன் சரக்கு மாடியில் இறங்கியிருக்கிறது என்று தெரு முடிவு கட்டியது. இஸ்திரிக்காரர் ஒருநாள் சட்டைகளை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, ரம் இருக்குமா என்று கேட்டார். கம்ப்யூட்டருக்குள் ரேம் பதினாறு ஜிபி இருக்கிறது, ஆனால் கழற்றித் தர முடியாது என்று கர்னல் வருத்தத்தோடு சொன்னார். பெரிய கை, ஆனால் கொடுக்க மனசில்லை என்று பெயரானது.

அவரைத் தவிர ஊரில் இன்னொரு லினக்ஸ்காரரும் உண்டு. உரக்கடை வைத்திருந்தவர், பில் போடுவதே லினக்ஸில்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். கர்னல் தலைவர், உரக்கடைக்காரர் செயலாளர். பேசுவதைக் கேட்க ஆள் வேண்டுமே என்று என்னை உறுப்பினராக்கினார்கள். முதல் கூட்டத்திலேயே சண்டை. லினக்ஸுக்கென்றே எழுதிய விளையாட்டைத்தான் ஆடவேண்டும், வைன் வழியாக விண்டோஸ் விளையாட்டை உள்ளே கொண்டுவருவது கொல்லைப்புறமாக எதிரியை அழைத்து வந்து இலை போடுவது மாதிரி என்றார் செயலாளர். அப்படிப் பார்த்தால் ஆடுவதற்கு மூன்று விளையாட்டுதான் மிஞ்சும், அதில் ஒன்று சீட்டுக்கட்டு என்றார் தலைவர். ஒருவரை ஒருவர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். நான் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றேன். என்னை இரண்டு பேரும் நீக்கினார்கள்.

இந்த நிலையில்தான் முத்துப்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் தேன்மொழி, மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவள். கர்னலுக்கு அப்பா அம்மா இல்லை, ஒரே அக்காவும் துபாயில். அதனால் வீட்டுக்காரன் என்ற முறையில் நானே பெரியவனாகக் கூடப் போனேன். பஸ்ஸில் வழக்கம்போல் விளையாட்டைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வேறு ஒன்று சொன்னார்.

“ஆறு கம்ப்யூட்டர் இருக்கு சார். ஒண்ணுகூட சாப்பிட்டியான்னு கேக்க மாட்டேங்குது. இந்த இடம் அமைஞ்சா நல்லாருக்கும்.”

அதுவரை அவரை வேடிக்கை மனிதராகவே பார்த்துப் பழகியிருந்தேன். எப்படியாவது இதை முடித்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. பெண்ணின் அப்பா ஓய்வு பெற்ற சர்வேயர். மாப்பிள்ளையையும் நாலு பக்கமும் சங்கிலி பிடித்து அளக்கிற ஆள். முதல் நாளே யாருக்கும் தெரியாமல் எங்கள் தெருவுக்கு வந்து விசாரித்திருக்கிறார். மிலிட்டரியெல்லாம் சும்மா தெருப் பேச்சு என்பதைக் கம்பெனியில் கேட்டே உறுதி செய்துகொண்டார். ஆனால் இஸ்திரிக்காரர் சொன்ன வைன் அவரை உறுத்தியது. பையனுக்கு நெருங்கிய நண்பர் யார் என்று கேட்டு நேரே உரக்கடைக்குப் போய்விட்டார். செயலாளர் பொய் பேசாதவர். ஆள் தங்கம், ஆனால் வைன் இல்லாமல் ஒரு நாள் இருக்கமாட்டார், எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை, அதனால்தான் நாங்கள் பிரிந்தோம், நான் அதைத் தொடுவதே இல்லை என்று மனம் நொந்து சொல்லியிருக்கிறார்.

முத்துப்பேட்டையில் கேசரியும் பஜ்ஜியும் வந்தன. சர்வேயர் தொண்டையைச் செருமினார்.

“தம்பிக்கு வைன் பழக்கம் உண்டுன்னு கேள்விப்பட்டேன்.”

கர்னல் முகம் மலர்ந்துவிட்டது. வாழ்க்கையில் அதுவரை யாரும் அவரிடம் இதைத் தானாகக் கேட்டதில்லை. “ஆமாங்க. காலேஜ்ல ஆரம்பிச்சது.”

“தினமும் போடுறதுண்டா?”

“ஒரு தடவை போட்டாப் போதுங்க. ஆனா புதுசா வந்தா அன்னைக்கே போட்டுப் பாத்துடுவேன்.”

“தனியாவா?”

“அப்படியெல்லாம் இல்லீங்க. தெருவுல யார் வந்து கேட்டாலும் போட்டு விட்டுடுவேன். போன வாரம்கூட ஸ்கூல் பசங்க நாலு பேருக்குப் போட்டு விட்டேன்.”

பெண்ணின் சித்தி காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆனால் அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த வாழைக்காய் பஜ்ஜி ஒன்று முழுதாக என் வாயில் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கையை மட்டும் ஆட்டினேன். சித்தப்பா ஒருவர் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

“கல்யாணத்துக்கு அப்புறமாவது விட்டுடலாமில்ல?” என்றார் சர்வேயர். குரலில் கடுமை போய்க் கெஞ்சல் வந்திருந்தது. அவருக்கும் பையனைப் பிடித்திருந்தது.

கர்னல் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, “மன்னிச்சுக்குங்க. வேற எது சொன்னாலும் விட்டுடுறேன். இது முடியாது” என்றார்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தேன்மொழி வெளியே வந்தாள். “அப்பா, அது பாட்டில் இல்ல. சாஃப்ட்வேர். எங்க லேப்லயே ரெண்டு மெஷின்ல கிடக்கு.”

சர்வேயருக்கு அது விளங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பஜ்ஜியை விழுங்கிவிட்டு நானும் சாட்சி சொன்னேன். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு தேன்மொழி, கர்னலைப் பார்த்து ஒன்று கேட்டாள். அவள் தினமும் சாயங்காலம் ஆடுகிற விளையாட்டு ஒன்று இருந்தது. நூறு பேர் ஒரு தீவில் குதித்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வது. அது அவருடைய லினக்ஸில் ஓடுமா?

கர்னலுக்கு ரத்தம் சுண்டிவிட்டது. அந்த விளையாட்டில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க ஒரு காவல் வைத்திருக்கிறார்கள், அது லினக்ஸ்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். வைன் போட்டாலும் நடக்காது. இதை அவர் மறைக்காமல் சொன்னார்.

“அப்ப என் லேப்டாப் விண்டோஸோடதான் வரும்” என்றாள் தேன்மொழி. “பரவால்லீங்களா?”

கர்னல் தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பு முழுக்கக் குடித்தார். பதினைந்து வருடமாக அவர் குடியிருந்த எந்த வீட்டிலும் விண்டோஸ் நிழல்கூடப் பட்டதில்லை. என் மருமகன் லேப்டாப்பை மாடிப்படி ஏறவே விட்டதில்லை. நான் சாமியை எல்லாம் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

“வரட்டுங்க” என்றார் கர்னல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், லேப்டாப்பில் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னால் தப்பாக நினைப்பார்களா என்று மட்டும் கேட்டார். நினைப்பார்கள் என்றேன். விட்டுவிட்டார். கல்யாணத்துக்கு உரக்கடைக்காரர் வந்து அட்சதை போட்டு, தலைவர் வீட்டிலேயே விண்டோஸ் நுழைந்துவிட்டதால் சங்கம் இனி முழுக்கத் தன்னுடையது என்று மணமேடையிலேயே அறிவித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

விண்டோஸ் திரையைக் கண்ணால் பார்ப்பதில்லை என்று கர்னலுக்கு ஒரு விரதம் உண்டு. அதை அவர் முறிக்கவில்லை. சாயங்காலம் தேன்மொழி ஆட உட்கார்ந்தால், அவள் முதுகில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவார். இடது பக்கம் ரெண்டு பேர் வர்றாங்க என்று அவள் சொல்லச் சொல்ல, மரத்துக்குப் பின்னாடி போ, இப்ப சுடு என்று இவர் சுவரிடம் யோசனை சொல்வார். யோசனைப்படி நடந்தால் உடனே செத்துப் போவாள். பிறகு இரண்டு பேரும் வெகுநேரம் சிரிப்பார்கள். மாடியிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும் கீழே நான் டிவியைக் குறைத்து வைப்பேன்.

அவர்கள் தஞ்சாவூருக்குக் குடிபோய் ஆறு மாதமாகிறது. இப்போது டிவியை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வைக்கத் தோன்றவில்லை.