ஊர் நிலத்தின் விலையை ஏற்றியது நான்தான், மாமா

படவேடு,
ஆவணி 14

மரியாதைக்குரிய கண்ணாயிரம் மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகள் ஆனந்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, இரண்டு ஆடுகள், நான் எல்லோரும் நலம். ஓசூரில் நீங்களும் அத்தையும் ரஞ்சித்தும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் தொடங்குகிறேன், ஏனென்றால் படித்து முடிக்கும்போது உங்களுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறலாம். போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்; நீங்களும் "சரிம்மா, அம்மாகிட்ட குடு" என்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் வரும். அதனால் கடிதம்.

போன வாரம் தரகர் வெற்றிச்செல்வன் உங்களைக் கூப்பிட்டு, மலையடிவாரத்தில் தரிசாகக் கிடக்கும் உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு சென்ட் முப்பதாயிரம் என்று ஒரு பெரிய பார்ட்டி நிற்கிறது என்றாராம். சித்திரையில் அதே சென்ட் பதினைந்தாயிரம். நடுவில் என்ன நடந்தது என்று அம்மாவைக் கேட்டீர்கள். அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் பெரிய பார்ட்டி நான்தான். என் கணக்கில் பதினோராயிரம் ரூபாய் இருக்கிறது.

நான் பி.எஸ்சி. விவசாயம் முடித்தபோது நம் இரண்டு குடும்பத்திலும் முதல் பட்டம் என்று பேனர் வைத்தது நீங்கள். அப்பா வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நிலத்தை அடுத்தவர் டிராக்டரில் உழுதவர். எங்களுக்கென்று இருப்பது வீடும் முருங்கை நிற்கும் இடமும்தான். வாங்குவது நடக்காது, குத்தகைக்காவது கேட்போம் என்று ஆனி மாதம் முத்தம்மாள் அக்காவின் நிலத்துக்குப் போனேன். கேட்பதற்கு முன் மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது நான் படித்த படிப்பு. வளைந்து வளைந்து நடந்து, பத்து இடத்தில் குழி தோண்டி, மண்ணை எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா வந்துவிட்டார். "இன்னாம்மா, மண்ண அள்ளினு போற?" "பரிசோதனைக்குங்க." "யாருக்கு?" அங்கேயே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. குனிந்து பையைக் கட்டினேன். போன பொங்கலுக்குப் பண்ணை வீடு கட்ட இடம் பார்க்க வந்த பெங்களூர்க்காரர்களும் இப்படித்தான் மண் எடுத்தார்களாம், இப்படித்தான் யாருக்கென்று சொல்லவில்லையாம். மறுநாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போய்க் குத்தகை என்று வாயைத் திறந்தேன். "டெஸ்ட்டு பண்ற பூமிய எவனாச்சும் குத்தகைக்கு வுடுவானா? போய் உங்க பார்ட்டிகிட்ட சொல்லு, இருபதுக்குக் கொறஞ்சி பேச்சே கெடையாது."

அடுத்து மாதையன் நிலம். அவராகவே ஒரு விலை சொன்னார். நான் பேசவில்லை, பேச வரவில்லை. அவர் பக்கத்தில் நின்றவரிடம், "பாரு, வாயே தொறக்கல. பெரிய எடம்" என்றார். மறுநாள் டீக்கடையில் விலை இருபத்தைந்து. இதை நிறுத்தியே ஆக வேண்டும் என்று கண்ணாடி முன் நான்கு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு டீக்கடைக்கே போனேன். "நான் ராஜவேலு பொண்ணுங்க. எனக்குப் பின்னாடி யாரும் இல்லைங்க." கடைக்காரர் சிரித்தார். "தெரியாதா எங்களுக்கு? அதுக்குத்தான உள்ளூருப் பொண்ணா பார்த்து வேலைக்கி வச்சிக்கினாங்க." முப்பது ஆகிவிட்டது.

அதற்கப்புறம் எங்க வூட்டு வாசல்ல கால் வைக்க இடமில்லை, மாமா. ஆளாளுக்கு அவங்க மண்ணை அவங்களே பையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இருபத்து மூன்று பைகள். பஸ் ஏறிக் கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவை ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். முதல் ஆளுக்குத் தாளைப் பார்த்தே படித்துக் காட்டினேன். பத்தாவது ஆளை, "சும்மா யூரியாவக் கொட்டாதீங்க, எருவப் போடுங்க" என்று அதட்டினேன். யார் பேசுவது என்று அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "நீயாவது உண்மையச் சொல்லுப்பா" என்று அப்பாவிடம் கெஞ்சினேன். "இன்னாத்துக்குச் சொல்லணும்? இத்தினி வருசமா அந்தாளு களத்துல நின்னுக்கினேதான் கூலி வாங்கியிருக்கேன். நேத்து மாதையன் எனக்குச் சேர் போட்டாரு" என்றார். அதற்கு மேல் நான் கெஞ்சவில்லை.

மறுபடியும் வந்த பெங்களூர்க்காரர்கள் இந்த விலையைக் கேட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே உங்கள் நிலத்துக்கு முப்பதாயிரம் தர இப்போது உலகத்தில் ஆள் கிடையாது. விற்காதீர்கள், மாமா. ஐந்து வருடம் எனக்குக் குத்தகைக்குக் கொடுங்கள். வருடத்துக்கு நான்கு மூட்டை வேர்க்கடலை, ஓசூர் வரை வண்டிக்கூலி என் பொறுப்பு. இருபத்து நான்காவது பை உங்கள் மண்; வேலிக்கு வெளியே நின்று கையை மட்டும் உள்ளே நீட்டி எடுத்தேன். வேர்க்கடலைக்கென்றே செய்த மண். தாத்தா நிலத்தில் தன் பங்கு வேண்டாமென்று அம்மா கையெழுத்துப் போட்டபோது நீங்கள் எடுத்துத் தந்த பச்சைப் புடவை இன்னும் சாயம் போகவில்லை. இதைச் சொல்லிக்காட்டுவதாக நினைக்க வேண்டாம், புடவையின் தரத்தைத்தான் சொல்கிறேன். ஆடியில் விதைத்திருக்க வேண்டும், ஆவணி பாதி ஆகிவிட்டது. அவசரமில்லை. உங்கள் உத்தரவு வராமல் அந்த நிலத்தில் கால் வைக்க மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம், ரஞ்சித்துக்கு என் அன்பு. நம் ஊர் அம்மன் ரேணுகாம்பாள் உங்கள் கடையையும் உடம்பையும், முக்கியமாக ரத்த அழுத்தத்தையும், பார்த்துக்கொள்ளட்டும்.

பணிவுடன்,
ஆனந்தி

பி.கு.: கால் வைக்க மாட்டேன் என்றதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உங்கள் நிலத்தில் வேர்க்கடலை விதைத்து இன்றோடு இருபத்தெட்டு நாள். மல்லாட்டை மஞ்சளாகப் பூத்துவிட்டது. உழுதது அப்பா, ஆனால் அவரைத் திட்ட வேண்டாம். "மாமா சரின்னுட்டாரு" என்று நான் சொன்னதை நம்பித்தான் உழுதார். நேற்று வெற்றிச்செல்வன் வரப்பில் வந்து நின்று, "யாரும்மா இதப் போட்டது? எடம் பார்ட்டிக்குப் போவுதே" என்றார். "நான்தாங்க பார்ட்டி" என்றேன். தொண்டை அடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை களை வெட்டுகிறோம், ஆள் பற்றாது. அத்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்களுக்கும் ஒரு களைக்கொத்து எடுத்து வைத்திருக்கிறேன்.