கடலுக்கு முதுகு காட்டிய கூடாரம்

பன்வில,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சந்திரிகாவுக்கு அப்பா ராஜரத்தினம் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். மழையும் சுகமாகத்தான் பெய்துகொண்டிருக்கிறது. குவைத்தில் நீயும் உன் மேடமும் அவருடைய பிள்ளைகளும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். இந்தக் கடிதத்தை, வான் ஓட்டுகிற ஷிராஸின் தங்கை, அங்கே வேலைக்கு வருகிற பஸீஹா கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். சிக்னல் கிடைப்பது தண்ணீர்ப் பீலியடியில் மட்டும். அங்கே நின்று பேசினால், குடத்தோடு வரிசையில் நிற்கிற லயத்துச் சனமே உனக்குப் பதில் சொல்கிறது.

நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். ஒன்று, நீ பார்சலில் அனுப்பிய கடற்கரைக் கூடாரம் எப்படி? மற்றது, மேடம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார், போடலாமா? இரண்டாவதுக்குப் பதில் சுருக்கம்: போடு. அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். முதலாவதுக்குத்தான் பதில் நீளம்.

வட்டமாய் மடிந்து வருகிற கூடாரத்தை வீட்டுக்குள் பிரிக்கக் கூடாது என்று பார்சலின் மேலேயே பெரிதாக எழுதியிருக்க வேண்டும். உறையின் ஜிப்பை இழுத்ததுதான் தெரியும், அது துள்ளி விரிந்து முன்னறை முழுக்க அதுவேயாகி, நான் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே, அம்மா கூடாரத்துக்குள்ளே, வாசலுக்கு வழியே இல்லை. “ஏங்க, உள்ளுக்கு நல்லா குளிர்ச்சியா இருக்குங்க” என்கிறாள் அவள், எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது. மடிப்பது எப்படி என்று படம் போட்டிருந்தார்கள். படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே மடிக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்து மடித்தோம், சிரிக்கவில்லை. ஆனாலும் நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். காலமெல்லாம் கொழுந்து பறித்தபோது ஒன்றும் செய்யாத வெயில், அந்தப் புது மாத்திரை தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு ஆகவில்லை, தோல் சிவந்து தடிக்கிறது. நிழலில் இருக்கச் சொன்னார் டாக்டர் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன், நீ இதை அனுப்பிவிட்டாய். “மேடத்தோட பிள்ளைகளை கடற்கரைக்கு கூட்டிட்டுப் போறப்ப நானும் இது மாதிரி ஒன்னுலதாம்மா உட்காந்திருப்பேன், உங்க பக்கமா பாத்துக்கிட்டு” என்று நீ சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். “அவ அங்கயிருந்து பாக்குறா. நாமளும் ஒரு நாளைக்கி இங்கயிருந்து பாத்துட்டு வருவோம்” என்று ஒரே பிடிவாதம். மகாவலி ஆற்றைவிடப் பெரிய தண்ணீரைக் கண்ணால் பார்த்திராதவள், நான் எப்படி மறுப்பது? ஷிராஸின் வானில் நிலாவெளிக்குப் புறப்பட்டோம்.

கூடாரத்தின் நாலு மூலையிலும் சின்னப் பைகள் தைத்திருக்கிறதே, அவற்றில் மணல் நிரப்பினால்தான் அது காற்றுக்கு நிற்கும். ஆகையால் முதல் நாளே, வீடு கட்டுகிற பொன்னையாவிடம் முறைப்படி கேட்டு, நாலு பையிலும் மணல் நிரப்பி வைத்தேன். வானில் ஏற்றும்போது ஷிராஸ், “ஐயா, கடக்கரையில மண் ஈக்குந்தானே?” என்றார். “இருக்கும் தம்பி. ஆனா அது யாரோட மண்?” என்றேன். தேயிலைத் தொழிற்சாலை கேட்டில் வாச்சராக நின்று, பாஸ் இல்லாமல் ஒரு பிடி தூளை வெளியே விடாதவன் உன் அப்பா. தம்புள்ள தாண்டியதும் பொலிஸ்காரர் ஒருவர் வானை மறித்துப் பின்கதவைத் திறந்தார். மணலுக்குப் பர்மிட் எங்கே என்றார். எங்கே கொண்டு போகிறாய் என்றார். கடலுக்கு என்றேன். என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு மற்றப் பொலிஸ்காரரைக் கூப்பிட்டு, அவருக்கும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். இருவரும் சிரித்து முடித்த பிறகு, மணலை ரோட்டோரம் கொட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிலாவெளியில் இறங்கினால் பார்க்கிற இடமெல்லாம் மணல். ஒரு பிடி அள்ள எனக்குக் கை வரவில்லை, மகள். ஒரு தடவை பிடிபட்டவன் அல்லவா? பைகள் வெறுமையாகத் தொங்க, கூடாரத்தின் முதுகைக் காற்றுக்குக் கொடுத்து, வாயைக் கடல் பக்கம் வைத்து விரித்தோம். அம்மா உள்ளே உட்கார்ந்த பாரத்தில் அது நின்றது.

அவள் கடலைப் பார்த்தபடியே இருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து, “சந்திரிகா இருக்கிறது நேரா அங்கதானேங்க?” என்று கேட்டாள். நான் கேட்டில் நிற்கிற தோரணையில், ஆமா என்று கடலுக்குக் கையை நீட்டினேன். ஷிராஸ் சும்மா இருந்திருக்கலாம். “இல்ல ஐயா, இப்பிடியே போனா பர்மா வரும். குவைத் நமக்கு பின்னுக்கு” என்றார். அம்மா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். “அப்ப இம்புட்டு நேரமா நான் யாரைப் பாத்து பேசிக்கிட்டிருந்தேன்? சொன்னதெல்லாம் பர்மாவுக்கா போயிருச்சி?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

உடனே கூடாரத்தைத் திருப்ப வேண்டும் என்று எழுந்துவிட்டாள். கடற்கரையில் அத்தனை குடும்பமும் கடலைப் பார்த்திருக்க, நம்முடையது மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி, ரோட்டையும் ஐஸ்கிரீம் வண்டியையும் பார்த்து வாயைத் திறந்தது. திறந்த வாய்க்குள், கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற கச்சான் காற்று ஒரே மூச்சாய்ப் புகுந்தது. உள்ளே ஆள் இல்லை, பையில் மணல் இல்லை. நான் ஓடினேன், ஷிராஸ் ஓடினார், அது எங்கள் தலைக்கு மேலே எழும்பிப் போய்க் கடலில் விழுந்தது. வள்ளக்காரர்கள் இழுத்து வந்து தரும்வரை அம்மா வெட்ட வெயிலில், குவைத் பக்கமாகத் திரும்பி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நிழலுக்கு வா என்றால் வரவில்லை. “அவளும் வெயில்லதானே இருக்கா” என்றாள். ஷிராஸ் மாற்றுடுப்பாக வானில் வைத்திருந்த சாரத்தை விரித்து ஒரு பக்கம் பிடிக்க, நான் மறுபக்கம் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. காற்றில் கண்ணுக்குள் மண் விழுந்துவிட்டது என்று ஷிராஸிடம் சொன்னேன்.

உன் மேடத்துக்குத் தெரிந்தவர்கள் யாராவது வாங்குவதென்றால் இதைச் சொல்: இரண்டு பேருக்கு என்று எழுதியிருந்தால் ஒருவருக்குத்தான் இடம் காணும். பின்பக்கம் காற்றுப் போக ஜன்னல் இருக்க வேண்டும். பைகளில் அந்தக் கடற்கரை மணலையே நிரப்பலாம், யாரும் கேட்பதில்லையாம். உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்துத்தான் மடிக்க வேண்டும். நம்முடையதை அலசினோம், பன்வில மழையில் காயவில்லை, பூஞ்சணம் பிடித்தது. பிறகு அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தோம். இப்போது புகை நாற்றம். வள்ளக்காரர்கள் இழுத்ததில் விழுந்த கிழிசலை அம்மா தைத்துவிட்டாள். இப்போது அதை லயத்து வாசலில், வத்தேகமப் பக்கம் வாய் வைத்து விரித்திருக்கிறோம். குவைத் அந்தப் பக்கந்தானா என்று ஷிராஸிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டோம். அம்மா பின்னேரத்தில் அதற்குள்தான். வெயில் இல்லாத நாளிலும் அதற்குள்தான்.

மற்றபடி இங்கே குறை ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடு, இரண்டு வருஷம் ஓடிவிடும். வேளைக்குச் சாப்பிடு. உன் தலைமேல் கை வைத்த மாதிரி நினைத்துக்கொள்.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா.

பி.கு.: வழக்கம்போலக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பொலிஸ்காரர் இடத்தில் சிரித்தாள். கடைசியில், “அந்தக் கையெழுத்து வரியை வெட்டுங்க” என்றாள். “நீதானே பீலியடியில வச்சி போடச் சொன்ன?” என்றேன். “அங்க ஆள் நின்னாங்க” என்றாள். பேனாவால் எழுதியதை வெட்டினால் அசிங்கமாயிருக்கும் என்பதால் மேலே விட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்: போடாதே. வந்துவிடு. சாமான் ஒன்றும் வேண்டாம். இன்னொரு தடவை நிலாவெளிக்குப் போவோம், பையில் மணலை நானே அள்ளிப் போடுகிறேன். நீ பக்கத்தில் இருந்தால் கூடாரத்தைக் கடல் பக்கமே வைக்கலாம்.